யூதக் குடும்பங்களில் குழந்தையின்மையும் கரு இழப்பும்: தாங்கிக்கொள்வதற்கும் துணை நிற்பதற்கும் ஒரு வழிகாட்டி

யூதர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் முதல் நாள் காலையில், முதிர்ந்த வயதில் சாராள் ஈசாக்கைப் பெற்ற கதை தொழுகைக்கூடங்களில், வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவிலிருந்து வாசிக்கப்படுகிறது. அதைத் தொடர்ந்து, பிள்ளையில்லாத அன்னாள் சீலோவின் ஆலயத்தில் உதடுகள் மட்டும் அசைய அழுது வேண்டிக்கொண்ட கதை வருகிறது. மறுநாள், தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடைய மறுக்கும் ராகேலைப் பற்றிய எரேமியாவின் வரிகள் வாசிக்கப்படுகின்றன. ஆண்டு முழுவதும் எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்து நிறையும் அந்த நாட்களில், பல ஆண்டுகளாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் ஒருத்தியும், போன மாதம் கரு கலைந்த இன்னொருத்தியும், கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் பெண்களுக்கு நடுவே அமர்ந்து இவற்றையெல்லாம் கேட்டாக வேண்டியிருக்கிறது.

குழந்தைக்கான ஏக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசும் அதே மரபு, வயிற்றிலேயே போய்விட்ட கருவுக்காகச் சடங்கு என்று ஏறக்குறைய எதையும் வகுத்து வைக்கவில்லை. ஒரு பக்கம் அளவுக்கு மீறிய பேச்சு, மறுபக்கம் மௌனம் என்ற இந்த இரண்டுக்கும் இடையில்தான் யூதத் தம்பதிகள் சிக்கித் தவிக்கிறார்கள். இதிலிருந்து மீள்வதற்கு நான் முதலில் சொல்லக்கூடிய வழி ஒன்று உண்டு: சட்டம் கேட்பது எது, வழக்கமாக வந்தது எது, ஊர் வாய் சொல்வது எது என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப் பழகுவது. தோளில் கிடக்கும் பாரத்தில் பெரும்பகுதி மூன்றாவது வகையைச் சேர்ந்தது என்பது அப்போது தெரியவரும்.

இது தம்பதிக்காக எழுதப்பட்டதுதான் என்றாலும், லண்டனிலோ டொரன்டோவிலோ நியூயார்க்கிலோ யூதர்களோடு ஒரே மருத்துவமனையில் வேலை பார்க்கும், ஒரே தெருவில் குடியிருக்கும் தமிழர்களுக்கும் பயன்படக்கூடும். ‘விசேஷம் ஏதாவது உண்டா?’ என்ற கேள்வியின் கூர்மையை அறிந்தவர்களுக்கு இதில் எதுவும் முற்றிலும் அந்நியமாக இராது.

கட்டளை யாருக்கு, எதுவரைக்கும்

‘பலுகிப் பெருகுங்கள்’ என்ற ஆதியாகமத்தின் சொல் யூதச் சட்டத்தில் ஒரு கட்டளையாகவே எண்ணப்படுகிறது. தோராவில் வரும் முதல் கட்டளை இதுதான் என்று பெருமையாகவும் சொல்வார்கள். பிள்ளையில்லாத தம்பதி இதைக் கேட்கும்போதெல்லாம் தாங்கள் எதையோ மீறிவிட்டதாகக் கூனிக்குறுகிப் போகிறார்கள். ஆனால் பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யெவாமோத் பகுதியைத் திறந்து பார்த்தால் கதை வேறு. அங்கே பெரும்பான்மைக் கருத்தின்படி இந்தக் கடமை ஆணுக்கு உரியது, பெண்ணுக்கு அன்று. எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு, பழங்கால அறிஞர் ஷம்மாயின் பள்ளி இரண்டு ஆண் பிள்ளைகள் என்றது. ஹில்லேலின் பள்ளி ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் கைமீறிய காரணத்தால் ஒரு கடமையைச் செய்ய முடியாதவனை இரக்கமுள்ளவனாகிய கடவுள் விடுவிக்கிறான் என்பது, மிஷ்னாவை விரித்து எழுந்த தல்மூத்தின் பொதுவிதி. முயன்றும் பிள்ளை பிறக்காத தம்பதி எந்தக் கட்டளையையும் மீறியவர்கள் அல்லர். இதை உங்கள் ரப்பியின் (யூதச் சட்ட ஆசானின்) வாயாலேயே ஒருமுறை கேட்டுவிடுங்கள். படித்து அறிவதும் அவர் சொல்லிக் கேட்பதும் ஒன்றாகாது.

பத்து ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தும் பிள்ளை இல்லையென்றால் கணவன் அப்படியே இருந்துவிடக் கூடாது என்ற விதியும் அதே மிஷ்னாவில் இருக்கிறது. இதைக் காட்டி மருமகளை மிரட்டும் மாமியார்கள் எல்லா மதங்களிலும் இருப்பதுபோல் இங்கும் உண்டு. அவர்களிடம் சொல்ல வேண்டியது இதுதான்: 16ஆம் நூற்றாண்டில் கிராகோவில் வாழ்ந்த ரப்பி மோஷே இஸ்ஸெர்லெஸ், இக்காலத்தில் இவ்விஷயத்தில் யாரையும் வற்புறுத்துவது வழக்கமில்லை என்று தெளிவாகவே குறித்து வைத்திருக்கிறார். அதற்கும் முந்தைய மிட்ராஷ் (வேதத்தை விரித்துரைக்கும் பழைய ரப்பிகளின் விளக்கவுரை) கதை ஒன்றில், பத்து ஆண்டுகளாகப் பிள்ளையில்லாத சீதோன் நகரத் தம்பதி மணமுறிவு கேட்டு ரப்பி ஷிமோன் பார் யோஹாயிடம் போகிறார்கள். விருந்தோடு சேர்ந்தவர்கள் விருந்தோடே பிரியுங்கள் என்கிறார் அவர். விருந்தில் மது மிகுந்து மகிழ்ந்த கணவன், என் வீட்டில் உனக்கு மிகப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு உன் தகப்பன் வீட்டுக்குப் போ என்று மனைவியிடம் சொல்கிறான். அவன் தூங்கியதும் அவனையே கட்டிலோடு தூக்கிவரச் செய்கிறாள் அவள்.

பிள்ளையில்லாதவர் செத்தவருக்குச் சமம் என்றும் தல்மூத்தில் ஒரு வாசகம் உண்டு. ‘பிள்ளை கொடு, இல்லாவிட்டால் சாகிறேன்’ என்று ராகேல் கதறியதிலிருந்து எடுக்கப்பட்ட வாசகம் அது. அவளுடைய வலியின் ஆழத்தைக் காட்டும் சொல்லாக அதைப் படிப்பவர்கள் உண்டு. நானும் அப்படியே படிக்கிறேன். தீர்ப்பாகப் படிப்பவர்களுக்கு விடை சொல்ல மரபிலேயே வேறு குரல்கள் இருக்கின்றன. ராகேலைக் குறிக்கும் ‘அகாரா’ என்ற எபிரேயச் சொல்லைத் தமிழ் வேதாகமம் ‘மலடி’ என்றே பெயர்த்திருக்கிறது. மிட்ராஷோ அதே எழுத்துகளை மாற்றிப் படித்து, ராகேல் வீட்டின் ‘இக்கார்’, அதாவது வீட்டுக்கு மூலத்தூண் என்கிறது. 15ஆம் நூற்றாண்டு ஸ்பெயினைச் சேர்ந்த ரப்பி இசாக் அராமா இன்னும் ஒரு படி மேலே போகிறார். முதல் பெண்ணான ஏவாளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று அறிவும் அறமும் உடைய மனுஷியைக் குறிப்பது, மற்றொன்று தாயைக் குறிப்பது. இரண்டாவது கிட்டாதபோதும் முதலாவது முழுமையாகவே நிற்கிறது என்பது அவருடைய வாதம்.

மருத்துவரும் ரப்பியும்: யாரிடம் எப்போது

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே கெடு. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் கணக்கிட்டது. சீக்கிரம் திருமணம் நடந்து வரிசையாகப் பிள்ளைகள் பிறக்கும் மிகுபக்தியுள்ள சமூகங்களில், ஆறாம் மாதத்திலேயே பதற்றம் தொற்றிக்கொள்கிறது. இருபத்தோரு வயதுப் பெண் ஆறு மாதத்தில் கருத்தரிக்கவில்லை என்பது நோய் அன்று. மாதவிடாய் ஒழுங்கற்றிருப்பது போன்ற அறிகுறிகள் இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

யூதத் தம்பதிக்கு மட்டுமே உரிய சிக்கல் ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். மாதவிடாய் தொடங்கியதும் நித்தா என்ற விலகல் காலம் தொடங்குகிறது. உதிரப்போக்குக்கு, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களின் வழக்கில் குறைந்தது ஐந்து நாட்கள், பிறகு கறையில்லாத ஏழு நாட்கள் என்று எண்ணி, அதன் முடிவில் இரவில் மிக்வே என்னும் சடங்குக் குளத்தில் மூழ்கிய பிறகே கணவனும் மனைவியும் சேரலாம். கணக்குப் பார்த்தால் சுழற்சியின் பன்னிரண்டாம் நாளை ஒட்டித்தான் இது அமையும். பலருக்கு இது கருமுட்டை வெளிவரும் காலத்தோடு அழகாகப் பொருந்திவிடுகிறது. சுழற்சி குறுகிய பெண்ணுக்கோ முட்டை பத்தாம் நாளே வெளிவந்து போயிருக்கும். கறை நாட்கள் நீண்டுவிட்டால் மற்றவர்களுக்கும் அதே கதிதான். உடலில் எந்தக் கோளாறும் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் கருத்தரிக்காமல் போவதற்கு இதுவே காரணமாகலாம். இதைச் ‘சட்டவழி மலட்டுத்தன்மை’ என்று எபிரேயத்தில் பெயரிட்டே அழைக்கிறார்கள்.

ஆகவே மருத்துவரிடம் போவதற்கு முன்பே இரண்டு மூன்று மாதங்களுக்கு எல்லாவற்றையும் தேதியோடு குறித்து வையுங்கள்: உதிரம் தொடங்கிய நாள், நின்ற நாள், மிக்வேக்குப் போன இரவு, முட்டை வெளிவருவதைக் காட்டும் பரிசோதனைப் பட்டையின் முடிவு. யூதரல்லாத மருத்துவருக்கு இந்தக் கணக்கு தானாகத் தெரியாது. சொல்லிவிட்டால் ஒரே பார்வையில் அவருக்குப் புலப்பட்டுவிடும். முட்டை வெளிவருவதைச் சில நாட்கள் தள்ளிப்போட மருந்து உண்டு. அதற்கும் முன்பாக, கறை என்று நீங்கள் எண்ணிய ஒவ்வொன்றும் சட்டப்படி கறைதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிறத்தையும் அளவையும் பொறுத்துப் பல கறைகள் கணக்கில் வராமலே போகலாம். தாமாகவே கடுமையை ஏற்றிக்கொண்டு மாதங்களை இழக்கும் பெண்கள் உண்டு. ஆண் ரப்பியிடம் இதைப் பேசக் கூச்சப்படுபவர்களுக்காக, ஜெருசலேமின் நிஷ்மத் கல்வி நிறுவனம் 1990களின் இறுதியிலிருந்து இச்சட்டங்களில் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக அனுப்பிவருகிறது. ‘யோயெட்ஸெத் ஹலாகா’ என்று அவர்களை அழைப்பார்கள்.

ஆணுக்கான பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். விந்தை வீணாக்கக் கூடாது என்ற தடையைக் காரணம் காட்டி, மனைவியை ஆண்டுக்கணக்கில் ஊசியும் ஸ்கேனுமாக அலையவைத்துவிட்டு, கடைசியில் குறை தன்னிடம் இருந்ததென்று அறியும் கணவன்மார் உண்டு. குழந்தைக்காகச் செய்யப்படும் பரிசோதனைக்குப் பெரும்பாலான ரப்பிகள் வழி சொல்கிறார்கள். விந்தணுவைக் கொல்லாத, இதற்கென்றே செய்யப்பட்ட உறையோடு மனைவியுடன் சேர்ந்து மாதிரியை எடுப்பது அவற்றில் ஒன்று. கடையில் வாங்கும் சாதாரண ஆணுறை இதற்கு உதவாது. அது விந்தணுக்களைக் கெடுத்துவிடும்.

சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு வரை போக நேர்ந்தால், சுழற்சி தொடங்கும் முன்பே கேள்விகளைப் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். முட்டை எடுக்கும் நாள், வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளான ஷப்பாத்தில் வந்தால் என்ன செய்வது, வெள்ளி இரவு ஊசி போடலாமா, ஆய்வகத்தில் மாதிரிகள் மாறிவிடாமல் மேற்பார்வையாளர் ஒருவர் உடனிருக்க வேண்டுமா, மிஞ்சிய கருக்களை என்ன செய்வது என்று எல்லாவற்றையும் அமைதியான ஒரு நாளில் கேட்டுவிட்டால், வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்ற இருபது நிமிடம் இருக்கும்போது தொலைபேசியில் அல்லாட வேண்டியதில்லை. ஜெருசலேமில் 1990இல் தொடங்கப்பட்ட புவா நிறுவனம் இதற்கென்றே இயங்குகிறது. மருத்துவமும் சட்டமும் சேர்ந்து படித்த ரப்பிகள் அங்கே ஆலோசனை சொல்கிறார்கள், ஆய்வக மேற்பார்வைக்கும் ஏற்பாடு செய்கிறார்கள். கேள்வியை எடுத்துப் போகும் ரப்பிக்கு இந்தத் துறையில் பழக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருமணம் நடத்திவைத்தவர் என்பதற்காகவே அவரிடம் இதைக் கேட்க வேண்டும் என்பதில்லை. எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் அனுப்புகிறேன் என்று சொல்பவரே நல்ல ரப்பி.

செலவு நாட்டுக்கு நாடு வேறுபடும். இஸ்ரேலில் பெண்ணுக்கு 45 வயது ஆகும்வரை, இரண்டு குழந்தைகள் பிறக்கும்வரை இச்சிகிச்சையை அரசின் சுகாதாரக் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. இந்தத் தாராளத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. காசு தடையாக இல்லாத இடத்தில் ‘போதும்’ என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. புரூக்ளினில் தொடங்கிய போனே ஓலம் போன்ற அமைப்புகள் பண உதவியும், ஏ டைம் போன்றவை ஆலோசனையும் ஆதரவுக் குழுக்களும் தருகின்றன. லண்டனில் கானா என்ற தொண்டு நிறுவனம் இதே பணியைச் செய்கிறது.

மரபணுச் சோதனையையும் மறக்க வேண்டாம். அஷ்கெனாசி யூதர்களில் ஏறத்தாழ முப்பது பேரில் ஒருவர் குழந்தைப் பருவத்திலேயே உயிரைப் பறிக்கும் டே-சாக்ஸ் நோயின் மரபணுவைச் சுமக்கிறார். கணவன் மனைவி இருவரும் சுமப்பவர்கள் என்று தெரியவந்தால், சோதனைக்குழாய் முறையில் உருவான கருவை முன்கூட்டியே பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கலாம். விந்து தானமும் முட்டை தானமும் வேறு வகைக் கேள்விகளை எழுப்புகின்றன. முட்டை கொடுத்தவளா, சுமந்து பெற்றவளா, யார் தாய் என்பதில் ரப்பிகளிடையே இன்றும் ஒருமித்த முடிவு இல்லை; தாய்வழியே வரும் யூத அடையாளம் குழந்தைக்கு உண்டா என்பதே அதைப் பொறுத்தது என்பதால், முடிவெடுத்த பின்பு கேட்காமல் முன்பே கேளுங்கள்.

கரு போய்விட்டால்

முதலில் உடல். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய பஞ்சுப் பட்டைகள் நனையும் அளவுக்கு உதிரம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது ஷப்பாத்தாக இருந்தாலும் யோம் கிப்பூர் என்னும் நோன்பு நாளாக இருந்தாலும் வண்டியில் ஏறத் தயங்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்ற ஐயம் எழுந்த மாத்திரத்திலேயே ஷப்பாத் பின்னுக்குப் போய்விடும் என்பது எல்லாப் பிரிவினரும் ஒப்பும் சட்டம். தாயின் ரத்தம் ஆர்எச் நெகட்டிவ் என்றால் அதற்குரிய ஊசி தேவையா என்று கேளுங்கள். அறியப்பட்ட கர்ப்பங்களில் பத்தில் ஒன்று முதல் இரண்டு வரை கலைந்துபோகின்றன. தொடக்க மாதங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்கு நிறப்புரி (குரோமோசோம்) கோளாறே காரணம். நீங்கள் தூக்கிய பையோ, போட்ட சண்டையோ, மிக்வேயில் செய்துவிட்டதாக நினைக்கும் பிழையோ காரணமாகாது. இரண்டு முறை கலைந்துவிட்டால் கருப்பையின் அமைப்பு, தைராய்டு, ரத்தம் உறையும் தன்மை, பெற்றோர் இருவரின் நிறப்புரிகள் ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

அடுத்து வருவதுதான் வெளியாட்கள் அறியாத துயரம். உதிரப்போக்கு தொடங்கியதும் மனைவி நித்தா நிலைக்கு வந்துவிடுகிறாள். இச்சட்டத்தைக் கடைப்பிடிக்கும் வீட்டில் கணவன் அவளைத் தொட முடியாது, கைக்குக் கை ஒரு பொருளைக் கொடுக்கவும் கூடாது, கட்டில்களும் பிரிந்துவிடும். வாழ்நாளிலேயே மிக அதிகமாக அணைப்பு வேண்டியிருக்கும் வாரத்தில் இரண்டு பேரும் அறையின் இரு ஓரங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை எதிர்கொள்ள மூன்று காரியங்களைச் செய்யலாம். ஒன்று, ரப்பியிடமோ பெண் ஆலோசகரிடமோ நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். உடல்நலமும் மனநிலையும் மோசமாக இருக்கும்போது எதில் தளர்வு உண்டு என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும். இரண்டு, அவளைத் தொடக்கூடிய ஒருவரை, தாயையோ அக்காவையோ தோழியையோ, வீட்டுக்கு வரவழையுங்கள். மூன்று, கணவன் பேச வேண்டும். தொடுதல் இல்லாத நேரத்தில் பேச்சும் இல்லாமல் போனால், என்மேல் வெறுப்பு என்று அவளும், என்னை நெருங்க விடவில்லை என்று அவனும் நினைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இனி துக்கம். யூதர்களின் துக்க முறை, உலகின் சிறந்த துக்க முறைகளில் ஒன்று என்று சொல்லத்தக்கது. ஏழு நாள் ஷிவாவில் வீட்டுக் கதவு திறந்திருக்கும், அண்டையார் உணவு கொண்டுவருவார்கள், துக்கத்திலிருப்பவர் பேசத் தொடங்கும்வரை வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது. ஆனால் கலைந்த கருவுக்கும், இறந்து பிறந்த குழந்தைக்கும், பிறந்து முப்பது நாள் வாழாத குழந்தைக்கும் மரபுச் சட்டத்தில் ஷிவா இல்லை. பச்சிளங்குழந்தைகள் கொத்துக் கொத்தாக மடிந்த காலத்தில், ஒரு தாய் ஆண்டுதோறும் ஷிவாவில் உட்கார நேராதபடி வைத்த சலுகை அது என்று பலர் விளக்குகிறார்கள். சலுகையாக வந்தது நாளடைவில் தடையைப்போல் புரிந்துகொள்ளப்பட்டுவிட்டது. ஷிவா கட்டாயமில்லை என்பதற்கு அழக் கூடாது என்று பொருளில்லை. அமெரிக்க யூதர்களின் நடுவழிப் பிரிவான கன்சர்வேட்டிவ் பிரிவு 1990களின் தொடக்கத்திலேயே இதை மறுபரிசீலனை செய்து, பிறந்து சில நாட்களே வாழ்ந்த குழந்தைக்கும் பெற்றோர் முழுத் துக்கம் அனுசரிக்கும் வழியைத் திறந்தது. மரபை இறுகப் பற்றும் ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களிலும், ஷிவா என்று பெயரிடாமல் ஒரு மாலை நெருங்கியவர்களை அழைத்து அமர்வதற்கு ரப்பிகள் பலர் துணை நிற்கிறார்கள்.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் இழந்தவர்கள் அடக்கத்தைப் பற்றி அந்தக் குழப்பத்திலும் சில கேள்விகள் கேட்க வேண்டும். அல்லது அவர்கள் சார்பில் ஒருவர் கேட்க வேண்டும். மரபில் இத்தகைய குழந்தையை அடக்கம் செய்வது உண்டு. ஆண் குழந்தையானால் கல்லறையருகே ஆசிமொழி இன்றி விருத்தசேதனம் செய்து பெயரிடும் வழக்கமும் உண்டு. நீண்ட காலமாக அடக்கச் சங்கத்தார் இதையெல்லாம் பெற்றோருக்குத் தெரியாமலே முடித்துவிடுவார்கள். எந்த இடம் என்றும் சொல்வதில்லை. நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து முதிய பெண்கள் கல்லறைத் தோட்டத்தின் பழைய பதிவேடுகளைக் கேட்டு அலைவதற்கும் அதுவே காரணமாயிற்று. குழந்தையைப் பார்க்கலாமா, கையில் ஏந்தலாமா, அடக்கத்துக்கு வரலாமா, இடத்தின் எண் என்ன, கல் வைக்கலாமா என்று கேளுங்கள். இன்று வேண்டாம் என்று தோன்றினாலும் இடத்தை மட்டும் எழுதி வாங்கி ஓர் உறையில் போட்டு வைத்துவிடுங்கள்.

தொடக்கத்திலேயே கலைந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை. சிலர் அந்தத் தேதியில் ஆண்டுதோறும் ஒரு நினைவு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். மாசச்சூசெட்ஸின் நியூட்டனில் 2004இல் திறக்கப்பட்ட மயீம் ஹயீம் என்ற மிக்வே, கரு இழப்புக்குப் பிறகும் சிகிச்சை தோற்ற பிறகும் மூழ்கி எழுவதற்கென்றே பிரார்த்தனை முறைகளை உருவாக்கியிருக்கிறது. மறுபடியும் மிக்வேக்குப் போகும் முதல் இரவு எல்லாப் பெண்களுக்கும் கடினமானது. பரபரப்பில்லாத நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பணியிலிருக்கும் பெண்ணிடம் ‘கரு கலைந்திருக்கிறது, வாழ்த்துச் சொல்ல வேண்டாம்’ என்று முன்பே ஒரு வரி சொல்லிவிடலாம்.

கர்ப்பத்தைச் சில மாதங்கள் வெளியே சொல்லாமலும், பிறக்கும்வரை தொட்டில் துணிமணி எதையும் வீட்டுக்குள் கொண்டுவராமலும் இருப்பது பல யூதக் குடும்பங்களின் வழக்கம். கண்ணேறு அச்சமும் அதில் கலந்திருக்கிறது. இழப்பு நேரும்போது கண்முன் காலித் தொட்டில் இல்லை என்பது உண்மையிலேயே ஓர் ஆறுதல். கர்ப்பமே தெரியாத ஊருக்கு இழப்பும் தெரியாது என்பது அதன் விலை. ஆகவே கர்ப்பத்தைச் சொல்லாவிட்டாலும், ஏதாவது நேர்ந்தால் அழைக்க வேண்டிய இரண்டு பேரை மட்டும் முன்பே தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலும் உறக்கமும் உணவும் திரும்பாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே.

துணை நிற்பவர்களுக்கு

வேதாகமம் தவறான ஆறுதலுக்கு மூன்று மாதிரிகளைத் தந்திருக்கிறது. ராகேல் கதறியபோது யாக்கோபு, ‘நான் என்ன கடவுளா?’ என்று சீறினான். துன்பத்திலிருப்பவளுக்கு இப்படியா விடை சொல்வது என்று மிட்ராஷ் அவனைக் கண்டிக்கிறது. அன்னாளின் கணவன் எல்க்கானா அன்பானவன்தான், ஆனால் ‘பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா?’ என்று கேட்டு, அவள் துக்கத்தைத் தன்னைப் பற்றிய கேள்வியாக்கிவிட்டான். ஏலி என்ற ஆசாரியனோ, உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்டிருந்த அன்னாளைக் குடிகாரி என்றே நினைத்தான். அவள் விளக்கியதும் திருத்திக்கொண்டு ஆசி கூறினான் என்பதால் மூவரில் நமக்குப் பயன்படுபவன் அவன்தான்: தவறாகப் பேசிவிட்டால் உடனே திருத்திக்கொள்ளலாம்.

திருமண வீடுகளிலும் குழந்தை பிறந்த வீடுகளிலும் ‘கடவுள் சித்தமானால் அடுத்தது உன் வீட்டில்’ என்று வாழ்த்துவது யூதர்களின் நாக்கில் ஊறிய பழக்கம். ஒரு மாலையில் அதைப் பதினைந்து பேரிடம் கேட்டுவிட்டு வீடு திரும்பும் பெண்ணை நினைத்துப் பார்த்தால் அதைத் தவிர்த்துவிடுவீர்கள். நீதிமான்களின் பிரார்த்தனையைக் கடவுள் விரும்புவதால்தான் நம் முன்னோர் பிள்ளையின்றி இருந்தார்கள் என்ற தல்மூத் வரியையும் ஆறுதலாகச் சொல்ல வேண்டாம். பாதிக்கப்பட்டவள் தானே தேடி எடுத்துக்கொண்டால் அது மருந்து. பிறர் ஊட்டினால் கசப்பு. அன்னாள் கடவுளிடம் வழக்காடினாள் என்பதைச் சொல்லலாம். பாலூட்டுவதற்கு இல்லையென்றால் என் நெஞ்சின்மேல் இந்த முலைகளை ஏன் வைத்தாய் என்று அவள் கேட்டதாகத் தல்மூத் சொல்கிறது. பிரார்த்தனை எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகளை அந்தப் பெண்ணிடமிருந்தே ரப்பிகள் கற்றுக்கொண்டார்கள்.

பரிகாரங்களும் வந்து குவியும். பெத்லகேமருகே ராகேலின் கல்லறையைச் சுற்றிய சிவப்பு நூல், மாணிக்கக் கல், மெரோனில் ரப்பி ஷிமோனின் சமாதிக்கு வருபவர்களுக்கு ஐம்பத்து நான்கு லிட்டர் பானம் வழங்குவது என்று பட்டியல் நீளம். விரும்பிச் செய்பவர்களைத் தடுக்க வேண்டாம், மருந்தை நிறுத்தச் சொல்லாதவரையில். வாங்கிக் கொடுத்து வற்புறுத்தவும் வேண்டாம். விருத்தசேதனச் சடங்கில் குழந்தையைத் தாயிடமிருந்து வாங்கிச் சுமந்துவரும் மரியாதையைப் பிள்ளையில்லாத தம்பதிக்குக் கொடுப்பது, அவர்களுக்கும் பிள்ளை வரும் என்ற நம்பிக்கையில் எழுந்த வழக்கம். சிலருக்கு அது நம்பிக்கை, சிலருக்கு ஊரார் முன்னிலையில் தங்கள் குறை அறிவிக்கப்படுவதைப்போல. முன்பே தனியாகக் கேளுங்கள். மறுத்தால் ஏன் என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது கருவுற்றிருந்தால், கூட்டத்தில் தெரியவருமுன் ஒரு குறுஞ்செய்தியில் அவளுக்குச் சொல்லிவிடுங்கள். முகத்தைச் சரிசெய்துகொள்ள அவளுக்கு நேரம் வேண்டும்.

யூதரல்லாத அண்டை வீட்டார் சமைத்துக் கொண்டுபோக நினைத்தால், கோஷர் என்னும் யூத உணவு விதிகளைக் கடைப்பிடிக்கும் வீட்டில் அதைச் சாப்பிட மாட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். வெட்டாத பழங்களோ கோஷர் முத்திரையுள்ள பிரிக்காத பொட்டலமோ சரியாக இருக்கும். கணவனிடமும் ‘நீ எப்படி இருக்கிறாய்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் ‘அவள் எப்படி இருக்கிறாள்?’ என்றுதான் அவனிடம் கேட்கிறார்கள்.

நிறுத்துவது பற்றி

சிகிச்சையை எப்போது நிறுத்துவது என்று தொடங்கும்போதே பேசி வையுங்கள்: எத்தனை சுழற்சி, எவ்வளவு பணம், எந்த வயது. பிறகு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கோடு ஒன்று இருக்கட்டும். அநாதைக் குழந்தையை வீட்டில் வளர்ப்பவர் அதைப் பெற்றவராகவே எண்ணப்படுவார் என்கிறது தல்மூத். யூதரல்லாத தாய்க்குப் பிறந்த குழந்தையைத் தத்தெடுத்தால் மதமாற்றச் சடங்கு தேவைப்படும் என்பதால் அதற்கும் ரப்பியை முன்பே கலந்துகொள்ள வேண்டும். தத்தெடுக்க விரும்பாதவர்களை அதற்கு நெருக்குவது இன்னொரு வன்முறை. பிள்ளை பெற முடியாத அண்ணகர்களுக்கு என் ஆலயத்தில் மகன்களையும் மகள்களையும்விட மேலான நினைவிடமும் பெயரும் தருவேன் என்று ஏசாயா நூலில் கடவுள் சொல்கிறார். நாஜிகளின் யூத இனவழிப்பில் மாண்டவர்களுக்காக ஜெருசலேமில் எழுப்பப்பட்ட யாத் வாஷெம் நினைவகம் தன் பெயரை எடுத்துக்கொண்டது அந்த வரியிலிருந்துதான்.

நாட்காட்டியைக் கையிலெடுப்பது

ஆண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டியை விரித்து வைத்து, எந்தெந்த நாட்கள் குத்தும் என்று இருவரும் சேர்ந்து குறியுங்கள். ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாரையும் ஒரே தொழுகைச் சால்வையின் கீழ் கூட்டி ஆசி வழங்கும் சிம்ஹத் தோரா, மாறுவேடக் குழந்தைகள் தெருவை நிறைக்கும் பூரிம், பிள்ளைகளின் தலையில் கைவைத்துப் பெற்றோர் ஆசி கூறும் ஒவ்வொரு வெள்ளி இரவும் அதில் வரும். எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. தோரா வாசிப்பு முடிந்த பிறகு உள்ளே போகலாம், வேறு ஊர்த் தொழுகைக்கூடத்துக்குப் போகலாம், பிள்ளை பெறும் வயதைக் கடந்த நண்பர்களின் வீட்டு விருந்தை ஏற்கலாம். வெள்ளி இரவில் அந்த ஆசியின் இடத்தில் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஒரு நல்ல சொல் சொல்லிக்கொள்ளலாம்.

எகிப்திய அடிமைத்தளையிலிருந்து மீண்டதை நினைக்கும் பெசாக் பண்டிகையின் செடெர் விருந்து இரவுதான் பலரும் அஞ்சும் நாள். ‘இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபடுகிறது?’ என்று மேசையிலிருக்கும் கடைசிக் குழந்தை எழுந்து கேட்க வேண்டும். அந்தக் கேள்வியிலிருந்துதான் முழுக் கதையும் தொடங்கும். குழந்தை இல்லாத மேசையை நினைத்து, அழையாத வீட்டுக்கெல்லாம் போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதில்லை. அப்படியொரு மேசை இருக்கும் என்று தல்மூத் எதிர்பார்த்தே இருந்தது. மகன் கேட்க இல்லையென்றால் மனைவி கேட்கட்டும், அவளும் இல்லையென்றால் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளட்டும் என்று பெசாகிம் பகுதி விதிக்கிறது. எல்லாச் சட்டங்களையும் அறிந்த இரண்டு அறிஞர்கள் மட்டும் அமர்ந்திருந்தாலும் ஒருவரையொருவர் கேட்டாக வேண்டுமாம். இஸ்ரேலுக்கு வெளியே செடெர் இரண்டு இரவுகள் நடக்கும். முதல் இரவு மனைவி கேட்கட்டும், கணவன் விடை சொல்லட்டும். இரண்டாம் இரவு மாற்றிக்கொள்ளுங்கள்.